வானூட்டலா, வான்புகட்டலா?

எல்லாருக்கும் வணக்கம். பறந்துட்டு இருக்கற விமானத்துக்கு இன்னொரு விமானம் எண்ணெய் குடுக்கற ஏரியல் ரீஃபியூலிங்குக்கு என்ன தமிழ்க் கலைச்சொல் வெக்கலாம்னு பேசிட்டு இருக்கோம், "நடுவானில் எரிபொருள் நிரப்புதல்"னே வெச்சுக்கலாம்னு அண்ணன் சொன்னதுல எனக்கு மனசு ஒப்பல. 2020-ல ரஃபேல் போர் விமானங்க பிரான்ஸ்ல இருந்து அம்பாலா வந்தப்போ பேப்பர்ல அப்படித்தான் எழுதினாங்க, செய்திக்கு அது போதும். ஆனா கலைச்சொல்னா அதுல இருந்து நாலு சொல் கிளைக்கணும் இல்லையா, இதை வெச்சு எண்ணெய் குடுக்கற டேங்கர் விமானத்துக்கு என்ன சொல்லுவோம், அந்தக் குழாய்க்கு என்ன சொல்லுவோம்? அதோட நிரப்புறதுன்னா பங்க்ல வண்டி நிக்கும், நாம போடுவோம். இங்க ரெண்டுமே பறந்துட்டு இருக்கு, ஒண்ணு குடுக்குது இன்னொண்ணு வாங்குது, அந்த உறவு சொல்லுல தெரியணும்.

அதான் நான் வானூட்டல்னு சொல்றேன். டேங்கர் ஊட்டுவிமானம், ஹோஸ் ஊட்டுக்குழல், அதோட நுனியில இறகுப்பந்து மாதிரி காத்துல ஆடிக்கிட்டு வருதே, அதை விமானிகளே கூடைன்னுதான் சொல்றாங்க, அப்போ ஊட்டுக்கூடை.

இதுக்கே தங்கச்சி வான்புகட்டல்னு ஒரு சொல் சொன்னாங்க, அதை முதல்ல தள்ளிட்டேன், ரெண்டு நாள் யோசிச்சப்புறம்தான் அதோட அருமை புரிஞ்சுது. அக்கா குழந்தைக்கு அம்மா பாலாடைச் சங்குல பால் குடுக்கறதைப் பாத்திருக்கேன், மடியில சாய்ச்சு வெச்சு, சங்கு மூக்கை குழந்தை வாய் ஓரத்துல வெச்சு, அது விழுங்க விழுங்க சொட்டு சொட்டா சாய்ப்பாங்க, வேலை முழுக்க அம்மா கையிலதான். கூடை முறையில அப்படி இல்ல, வாங்குற விமானிதான் தன் மூக்குக் குழாயைக் கொண்டுபோய் கூடைக்குள்ள செருகணும், நம்ம விமானப்படையோட இல்யூஷின்-78 டேங்கர் குடுக்கறது இப்படித்தான். அமெரிக்கக்காரங்க பூம்னு சொல்ற கெட்டிக் குழாய்ல வாங்குறவர் தன் இடத்துல ஆடாம நின்னா போதும், டேங்கர்ல இருக்கற ஆபரேட்டர் குழாயை நகர்த்தி சரியா பொருத்துவார். இது புகட்டல்தானே!

பயணிகள் விமானத்துக்குப் போனா இது இன்னும் பொருந்துது. சிங்கப்பூர்–நியூயார்க் மாதிரி 18 மணி நேரத்துக்கு மேல பறக்கறப்போ, கடைசியில தேவைப்படற எண்ணெயை ஆரம்பத்துலயே தூக்கிட்டுப் போகணும், அதைச் சுமக்கவே நிறைய எண்ணெய் எரியுது. லேசா ஏறி மேல போய் வாங்கிக்கலாம்ங்கற யோசனை பழசு, 1939-லயே பிரிட்டனோட இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியோட பறக்கும் படகுங்க, அதாவது தண்ணியில இறங்கற விமானங்க, அட்லாண்டிக் தாண்ட இப்படி வாங்கிட்டுப் போச்சு, ஆனா அதுல போனது தபால்தான், பயணிங்க இல்ல. 2011-ல ஐரோப்பாவுல ஆரம்பிச்ச ரிக்ரியேட் ஆய்வுல, பயணிகள் விமானம் பாட்டுக்கு நேரா போகும், டேங்கர்தான் பின்னால கீழ இருந்து வந்து குழாயை முன்னால நீட்டும்னு யோசிச்சாங்க, உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு உலுக்கல் இருக்காது, விமானிக்கும் தனிப் பயிற்சி அவ்வளவா வேண்டாம். இதுக்கு ஊட்டலைவிட புகட்டல்தான் கச்சிதம்.

அதனால பொதுச்சொல் வானூட்டல், கெட்டிக் குழாய் முறைக்கு மட்டும் வான்புகட்டல், அந்தக் குழாய் புகட்டுகோல்னு வெச்சுக்கலாமா? எனக்கு உறுத்துறது ஒண்ணுதான், ஊட்டுவிமானத்தை "வானூட்டி"ன்னு சுருக்கினா பாலூட்டி மாதிரி நாக்குல நல்லா நிக்குது, ஆனா படிக்கறவங்களுக்கு நீலகிரி ஊட்டி ஞாபகம் வருமோன்னு பாக்கறேன். அண்ணா, நீங்க சொல்லுங்க.