குவார்ட்டர் ஹார்ஸ்: மாட்டை மறிப்பது குதிரையா, மேலே இருப்பவரா?

முகில்_ஃபோர்ட்வொர்த்:
டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் பக்கம் இருக்கிறேன். இங்கே குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரைகளின் கட்டிங் போட்டி பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்ததும் மேலே இருப்பவர் கடிவாள வாரைத் தளர்த்திக் கையைத் தாழ்த்திவிடுகிறார், அப்புறம் குதிரைதான் இடமும் வலமும் பாய்ந்து, அது திரும்பிப் போகாதபடி மறிக்கிறது. இது பழக்கியதா, பிறவியிலேயே வருவதா? அந்த இனத்தில் ஒன்று வாங்கவும் ஆசை. பந்தயக் குதிரை இனமான தாரோப்ரெட் வாங்கச் சொல்கிறார்கள் சிலர்.

செல்வி_ரா:
இரண்டும்தான். மாடு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்கும் புத்தியைப் பண்ணைக்காரர்கள் 'கௌ சென்ஸ்' என்பார்கள், அது பரம்பரையில் வருவது. பயிற்சி அதைக் கூர்மையாக்கும், இல்லாததை உண்டாக்காது. மறிக்கும்போது வாரை இழுத்துக் குதிரையைத் திருப்பினால் புள்ளி குறையும், அந்த இரண்டரை நிமிடமும் முடிவெடுப்பது குதிரைதான். தாரோப்ரெட் நீண்ட ஓட்டத்துக்கானது. குவார்ட்டர் ஹார்ஸின் பின்தொடைகளைப் பாருங்கள், சட்டென்று நிற்கவும் நின்ற இடத்திலேயே சுழலவும் 400 மீட்டருக்குப் பறக்கவும் பலம் அங்கேதான் இருக்கிறது. இந்த இனத்துக்கான சங்கமும் 1940-ல் உங்கள் ஊரில்தான் தொடங்கியது.

பண்ணை_குமார்:
கட்டிங்கை மட்டும் பார்த்து மயங்காதீர்கள் தம்பி. எனக்குப் பெரிதாகத் தெரிவது கயிறு வேலை. கன்றின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும் ஆள் குதித்து ஓடிவிடுவார், கயிற்றின் மறுமுனை சேணத்தின் கொம்பில் இருக்கும், குதிரை தனியாக நின்று, கயிறு தளர்ந்தால் தானே ஓரடி பின்வாங்கி இறுக்கிக்கொள்ளும். அந்த நிதானம் இருக்கிற குதிரையைத் தேடுங்கள்.

டாக்டர்_மீனா:
வாங்கும் முன் மரபணுச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். 1969-ல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற பொலிகுதிரையின் வழியில் ஹெச்ஒய்பிபி என்ற தசை நோய் பரவியது. தசை துடிக்கும், சில சமயம் குதிரை அப்படியே சரிந்து விழும், பொட்டாசியம் மிகுந்த தீவனம் ஆகாது. அது பெரும்பாலும் கட்டுமஸ்தான கண்காட்சிக் குதிரைகளில். நீங்கள் கேட்கும் கட்டிங் பரம்பரையில் ஹெர்டா என்ற தோல் நோயைத்தான் பார்க்க வேண்டும், சேணம் உரசும் முதுகிலேயே தோல் பிய்ந்து புண்ணாகும், அந்தக் குதிரையில் ஏறவே முடியாது. தாய் தந்தை இரண்டும் அந்த மரபணுவைச் சுமந்தால்தான் குட்டிக்கு நோய் வரும், அதனால் பெற்றோர் நன்றாக இருக்கிறார்கள் என்ற பேச்சை நம்பாதீர்கள். முதல் குதிரை என்றால் மாட்டு வேலை பார்த்துப் பழகிய, பத்து வயது தாண்டிய, காயடித்த ஆண் குதிரையாகப் பாருங்கள்.