ஊழியர் லாகினில் இருபடிச் சரிபார்ப்பு: ஆப் காட்டும் எண்ணைப் போட்டால் 'தவறு' என்கிறது, உதவி தேவை

துறைஅலுவலகம்:

எல்லோருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத் துறை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மெயில், விடுப்பு விண்ணப்பம், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் எங்களுக்கு ஒரே லாகின்தான். இந்த மாதக் கடைசிக்குள் அதில் இருபடிச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சான்றும் கேட்கும் முறையை, போட்டுவிட வேண்டும், போடாத கணக்குகள் முடக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது.

போனில் ஆத்தென்டிகேட்டர் ஆப்பை நிறுவி, கணினித் திரையில் வந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். ஆப்பில் ஆறு இலக்க எண் வருகிறது. அதைக் கணினியில் போட்டால் 'குறியீடு தவறு' என்கிறது. அடுத்த எண் வரும்வரை பொறுத்திருந்து போட்டாலும் அதே கதைதான். அலுவலகக் கணினியில் இன்னும் லாகின் ஆகியே இருக்கிறேன். ஆப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா? துறையில் மற்றவர்களுக்கும் நான்தான் போட்டுக் கொடுக்க வேண்டும், அதனால் விஷயத்தைப் புரிந்துகொண்டே செய்ய விரும்புகிறேன்.

கணிமையம்:

வணக்கம். ஆப்பை இப்போதைக்கு அழிக்காதீர்கள், லாக் அவுட்டும் ஆகாதீர்கள். அந்த ஆப்பில் உங்கள் சொந்த மெயிலோ வேறு கணக்கோ இருந்தால், ஆப்போடு சேர்ந்து அவற்றின் சாவிகளும் போய்விடலாம்.

அந்த எண் எப்படி வருகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கியூஆர் கோடுக்குள் இருப்பது ஒரு ரகசியச் சாவி. அது ஒரு பிரதி சர்வரிலும் ஒரு பிரதி உங்கள் போனிலும் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் இரண்டும் தனித்தனியாக, அந்தச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஆறு இலக்க எண்ணை எடுக்கின்றன. 30 விநாடிக்கு ஒரு முறை எண் மாறும். இரண்டு பக்கமும் ஒரே விடை வந்தால் உள்ளே விடுவார்கள். 2011ல் வந்த டிஓடிபி என்ற பொதுத் தரம் இது. எந்த நிறுவனத்தின் ஆப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். போனுக்கு இன்டர்நெட்டும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

ஆக, எண் தவறு என்று வந்தால் நேரம் பொருந்தவில்லை, இல்லையென்றால் சாவி பொருந்தவில்லை. முதலில் போனின் அமைப்புகளில் தேதி, நேரம் தானாக அமையும்படி இருக்கிறதா என்று பாருங்கள். போன் கடிகாரம் இரண்டு மூன்று நிமிடம் தள்ளிப் போனாலே சர்வர் ஏற்காமல் போகலாம். வலைத்தொடர்பின் தாமதத்துக்காக ஒரு படி, அதாவது 30 விநாடி, முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

துறைஅலுவலகம்:

விளக்கத்துக்கு நன்றி சார். நேரம் தானியங்கியில்தான் இருக்கிறது. அப்படியே ஆப்பையும் திறந்து பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள் இருக்கின்றன. இரண்டிலும் என் மெயில் முகவரிதான், ஆனால் எண்கள் வேறு வேறு. நான் மேலே இருப்பதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

நூலகத்தார்:

நடுவில் குறுக்கிடுகிறேன். ஸ்கேன் செய்த பிறகு, எண்ணைப் போடுவதற்குள் கணினியில் அந்தப் பக்கம் காலாவதியாகி மறுபடி திறந்ததா? எங்கள் நூலகத்தில் பலருக்கு இப்படித்தான் ஆனது.

துறைஅலுவலகம்:

ஆமாம்! நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. திரும்பி வந்தபோது பக்கம் 'நேரம் முடிந்துவிட்டது' என்றது. மறுபடி திறந்து ஸ்கேன் செய்தேன்.

கணிமையம்:

விடை கிடைத்துவிட்டது. அந்தப் பக்கம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சர்வர் புதுச் சாவி போட்டுப் புது கியூஆர் கோடு காட்டும். முந்தைய சாவி அதோடு செல்லாது. ஆனால் போனுக்கு அது தெரியாது, பழைய சாவியை வைத்து 30 விநாடிக்கு ஒரு எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்குச் சரியான எண் போலவே இருக்கும்.

உங்கள் பதிவு இன்னும் முடியவில்லை என்பதால் அந்த இரண்டு வரிகளையும் ஆப்பிலிருந்து நீக்கிவிடலாம். மற்ற கணக்குகளைத் தொட வேண்டாம். அப்புறம் பதிவுப் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, ஸ்கேன் செய்து, வரும் எண்ணை ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே பதிவு முடிந்து வேலை செய்துகொண்டிருக்கும் கணக்கில் மட்டும் இப்படி நீக்கக் கூடாது. உள்நுழைய வேறு வழி எதையும் சேர்த்து வைக்காமல் நீக்கினால் நீங்களே வெளியே நிற்க வேண்டியதுதான்.

பதிவு முடிந்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். இரண்டாவது வழி ஒன்றையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். காப்புக் குறியீடுகள் (போன் கையில் இல்லாதபோது போட முன்கூட்டியே எடுத்து வைக்கும் எண்கள்), வேறொரு போன், பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவி, உங்கள் இடத்தில் எதை அனுமதிக்கிறார்களோ அது. எங்கள் கணினி மையத்துக்கு வரும் அழைப்புகளில் மனசுக்குக் கஷ்டமானவை, போன் தொலைந்தவர்களுடைய அழைப்புகள்தான். மதிப்பெண் பதிவேற்றக் கடைசி நாளில் உள்ளே போக முடியாமல் தவிப்பார்கள். ஆள் அவர்தானா என்று உறுதி செய்யாமல் நாங்களும் திறந்துவிட முடியாது.

துறைஅலுவலகம்:

வேலை செய்தது! இரண்டு வரியையும் நீக்கிவிட்டுப் புதிதாக ஸ்கேன் செய்ததும் உடனே ஏற்றுக்கொண்டது. காப்புக் குறியீடுகளையும் எடுத்துவிட்டேன். மிகவும் நன்றி சார், நூலகத்தாருக்கும் நன்றி.

துறையில் மற்றவர்களுக்குப் போடும்போது கேள்வி மேல் கேள்வி வருகிறது. ஒருவர், 'என் சொந்தப் போனில் ஏன் அலுவலக ஆப்? நான் எங்கே போகிறேன் என்று பார்ப்பார்களா?' என்கிறார். இன்னொருவரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. எங்கள் பேராசிரியர் ஒருவர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போகிறார், அங்கே அவருடைய சிம் வேலை செய்யாது. எனக்கும் ஒன்று: கணினியில் மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் செயலியில் மெயில் வருவது நின்றுவிட்டது, பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நூலகத்தார்:

சொந்தப் போன் கேள்வியை லேசாகத் தள்ளிவிடாதீர்கள், கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். எண் காட்டும் ஆப்புக்குப் பல்கலைக்கழகத்தோடு பேச்சுவார்த்தையே கிடையாது. மேலே சார் சொன்னதுபோல அது போனுக்குள்ளேயே கணக்குப் போடுகிறது. கேமரா அனுமதி கேட்பது கியூஆர் கோடுக்காக. அதையும் தர விருப்பமில்லை என்றால், கோடுக்குக் கீழே 'ஸ்கேன் செய்ய முடியவில்லையா?' என்பது போல ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் சாவி எழுத்தாகவே வரும், கையால் தட்டிக்கொள்ளலாம்.

எண்ணுக்குப் பதிலாக 'அனுமதிக்கிறீர்களா' என்று போனுக்கு அறிவிப்பு வரும் இன்னொரு வகை உண்டு, அதில் அந்தப் போன் சர்வரில் பதிவாகும். ஆனால் போனை நிர்வகிக்கும் உரிமை கேட்கும் செயலி, வேலைக்கான தனிப் பகுதி, இப்படி ஏதாவது நிறுவச் சொன்னால் அது முற்றிலும் வேறு விஷயம். இருபடிச் சரிபார்ப்புக்கு அது தேவையே இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யச் சொல்லுங்கள்.

பட்டன் போன் வைத்திருப்பவருக்குப் பாதுகாப்புச் சாவி வாங்கித் தரச் சொல்லிக் கணினி மையத்துக்குக் கடிதம் போடுங்கள். பென்டிரைவ் மாதிரி இருக்கும். யூஎஸ்பியில் செருகி, கேட்டால் பின் எண்ணைப் போட்டு, மேலே விரலால் தொட்டால் போதும். எஸ்எம்எஸ் வழியும் இருக்கலாம், இல்லாததற்கு அது மேல். ஆனால் அடுத்தவர் எண்ணுக்கு ஏமாற்றிப் புது சிம் வாங்குபவர்கள் இருப்பதால் அது பலவீனமான வழி. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே அதைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய பட்டியலில் வைத்துவிட்டது.

ஆய்வுக்கூடம்:

பேராசிரியருக்கு நான் சொல்கிறேன், எங்கள் ஆய்வுக்குழுவில் இது அடிக்கடி வரும் சிக்கல். சிம் வேலை செய்யாவிட்டாலும் ஆப்பின் எண் வரும், ஏரோப்ளேன் மோடில்கூட வரும். வேறு நாட்டு நேரம் என்பதாலும் எண் மாறாது. ஏனென்றால் உள்ளே கணக்கு உலகப் பொது நேரத்தில்தான் ஓடுகிறது.

சிக்கல் வேறிடத்தில். சிம் இல்லாததால் போன் ஊர் மாறியதை உணராமல் பழைய நேரத்தையே காட்டும். பார்த்தவர் கடிகாரத்தைக் கையால் திருத்திவிடுவார். திரையில் இப்போது உள்ளூர் நேரம் சரியாகத் தெரியும், ஆனால் நேர மண்டலம் பழையதாகவே இருக்கும். போன் அந்த மண்டலத்தை வைத்துக் கணக்கிடும் பொது நேரம் பல மணி நேரம் பிசகிவிடும், எல்லா எண்ணும் தவறாகும். கடிகாரம் சரியாகத் தெரிவதால் யாருக்கும் அதன் மேல் சந்தேகமே வராது. கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள்: மணியைத் தொட வேண்டாம், நேர மண்டலத்தை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் வைஃபையில் இணைந்து தானியங்கியிலேயே விடுங்கள்.

பயணத்துக்கு முன் புதுப் போன் வாங்கினாலும் கவனம். அதே எண், அதே சிம் என்றாலும் சாவி சிம்மில் இல்லை, பழைய போனில் இருக்கிறது. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 முதல் கூகுள் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி உண்டு, ஆனால் அதை இயக்கியிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டரில் காப்பை மீட்டாலும் பணியிடக் கணக்குகளில் மறுபடி உள்நுழைந்து சரிபார்க்க வேண்டிவரும். புதுப் போனில் பதிவை முடித்து ஒரு முறை லாகின் ஆகிப் பார்த்த பிறகுதான் பழையதைக் கை விட வேண்டும்.

கணிமையம்:

தண்டர்பேர்ட் விஷயம்: பழைய முறையில் மெயில் செயலி பாஸ்வேர்டை மட்டும் அனுப்பும், இரண்டாவது படியைக் கேட்க அதில் இடமே இல்லை. அதனால் சர்வர் மறுக்கிறது. கணக்கு அமைப்புகளில் வரவு சர்வர் பகுதியில் சரிபார்ப்பு முறையை 'ஓஆத்2' (OAuth2) என்று மாற்றுங்கள், அனுப்பும் சர்வரிலும் அப்படியே. அடுத்த முறை பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கமே சிறு சாளரமாகத் திறக்கும், அங்கே எண்ணைப் போடலாம். மைக்ரோசாஃப்ட், கூகுள் மெயில்களுக்கு இது சரியாக வரும். போனிலுள்ள மெயில் செயலி இதே மாதிரி அடம்பிடித்தால் கணக்கை அதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

துறைஅலுவலகம்:

மெயில் வந்துவிட்டது சார். இன்னொன்று, இது கொஞ்சம் அவசரம். ஒரு மூத்த ஊழியருக்கு, அவர் எதுவும் செய்யாமலேயே, போனில் 'உள்நுழைவை அனுமதிக்கவா' என்று அறிவிப்பு வருகிறதாம். இரவிலும் வந்ததாம். தொல்லை தாங்காமல் 'சரி' என்று அழுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

கணிமையம்:

கூடவே கூடாது. யாரோ ஒருவரிடம் அவருடைய பாஸ்வேர்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சலித்துப்போய் ஒரு முறை அழுத்திவிட மாட்டாரா என்று காத்திருக்கிறார்கள். 'மறு' என்று அழுத்தச் சொல்லுங்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், கணினி மையத்துக்கும் இன்றே தெரிவிக்கச் சொல்லுங்கள். இந்தத் தந்திரத்துக்காகத்தான் மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதத்திலிருந்து திரையில் தெரியும் எண்ணைப் போனில் தட்டச் சொல்லும் முறையைக் கட்டாயமாக்கியது.

நம்மைக் குறிவைப்பதற்கு ஒரு காரணம் சம்பளம். 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஒரு அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஊழியர்களுக்குப் போலி மெயில் அனுப்பி, பாஸ்வேர்டையும் சரிபார்ப்பு எண்ணையும் போலிப் பக்கத்தில் வாங்கி, வேர்க்டே என்ற பணியாளர் நிர்வாக மென்பொருளின் சம்பளப் பக்கத்தில் வங்கிக் கணக்கை மாற்றியிருக்கிறார்கள். மாற்றம் பற்றிய எச்சரிக்கை மெயில் கண்ணில் படாமல் இருக்க, அதைத் தானாகவே அழிக்கும் விதியை மெயிலில் வைத்தார்கள். சில கணக்குகளில் தங்கள் தொலைபேசி எண்ணையே சரிபார்ப்பு வழியாகச் சேர்த்தும் வைத்தார்கள்.

ஆகவே அந்த மூத்தவரின் கணக்கில் பதிவான வழிகளின் பட்டியலைத் திறந்து, அவருக்குத் தெரியாத எண்ணோ போனோ இருக்கிறதா என்று பாருங்கள். மெயிலில் விதிகள் பகுதியையும் பாருங்கள். ஆறு இலக்க எண்ணைப் போனில் கேட்டு யார் அழைத்தாலும், கணினி மையம் என்று சொன்னாலும், தரக் கூடாது. எங்களுக்கு அந்த எண் எதற்கும் தேவைப்படாது. பாதுகாப்புச் சாவியை நூலகத்தார் சொன்னதற்கும் இதுதான் பெரிய காரணம்: அது உண்மையான தளத்தின் முகவரிக்கு மட்டும்தான் பதில் சொல்லும், போலிப் பக்கம் கேட்டால் வாய் திறக்காது.

துறைஅலுவலகம்:

பார்த்துவிட்டோம். பட்டியலில் அவருடைய போன் மட்டும்தான் இருக்கிறது, மெயிலில் விதி எதுவும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றியதும் அறிவிப்பு நின்றுவிட்டது. கணினி மையத்துக்கும் எழுதிவிட்டோம்.

கடைசியாக ஒன்று. துறைக்கென்று பொதுவான மெயில் கணக்கு ஒன்று இருக்கிறது, நாங்கள் நாலைந்து பேர் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிறோம். அதன் எண் யார் போனுக்கு வர வேண்டும்?

நூலகத்தார்:

யார் போனுக்கும் வர வேண்டாம். ஒருவர் போனில் போட்டால் அவர் விடுப்பில் போகும் நாளில் துறையே நின்றுவிடும். அதைப் பகிர்வு அஞ்சல்பெட்டியாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் சொந்த லாகினில், தங்கள் சொந்த எண்ணைப் போட்டு நுழைவார்கள். பொதுப் பெட்டி அவரவர் மெயிலுக்குப் பக்கத்திலேயே தெரியும். யார் அனுப்பினார்கள் என்பதும் பதிவில் இருக்கும், பணி மாறிப் போகிறவரின் அனுமதியை மட்டும் நீக்கினால் போதும். நாங்கள் நூலகத்தில் அப்படித்தான் செய்தோம். விண்ணப்பத்தில் துறைத் தலைவரின் கையெழுத்து கேட்பார்கள், அதை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

துறைஅலுவலகம்:

நாளைக் காலை தலைவர் வந்ததும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறேன். காப்புக் குறியீடுகளை அச்செடுத்து வைத்திருக்கிறேன், அவற்றை எங்கே வைப்பது நல்லது?

கணிமையம்:

பூட்டும் அலமாரியில் அல்லது வீட்டில் முக்கியக் காகிதங்களோடு. அதே மெயில் கணக்கில் சேமிக்காதீர்கள், உள்ளே போக முடியாத நாளில் அது கிடைக்காது. ஒவ்வொரு குறியீடும் ஒரே ஒரு முறைதான் செல்லும், பயன்படுத்தியதை உடனே அடித்துவிடுங்கள். புதிதாக எடுத்தால் பழைய தாளைக் கிழித்துப் போடலாம், அது அதற்குப் பிறகு செல்லாது.