தியன்ஷு: வானச்சா, வான்குடுமியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தொப்புளுக்கு இருபக்கமும் உள்ள அந்த அக்குபஞ்சர் புள்ளிக்குத் தமிழ்ப் பெயர் தேடி இந்த இழை ஓடிக்கொண்டிருக்கிறது. இரைப்பைத் தடத்தின் 25ஆம் புள்ளி, சீனத்தில் தியன்ஷு (தடம் என்பது உடம்பில் உயிராற்றல் ஓடுவதாக அக்குபஞ்சர் சொல்லும் பாதை). இதுவரை நான்கு பெயர்கள் வந்துவிட்டன. என்னிடம் ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதற்கு முன் வந்த நான்கையும் கொஞ்சம் உரசிப் பார்க்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

> சீனப் பெயரையே ஒலிபெயர்த்து வைத்துவிட்டால் சண்டையே இல்லையே?

இருக்கிறது ஐயா. முதுகில், நான்காம் இடுப்பு முள்ளெலும்புக்குப் பக்கத்தில், சிறுநீர்ப்பைத் தடத்தில் 'பெருங்குடல் ஷு' என்று ஒரு புள்ளி உண்டு. வேடிக்கை என்னவென்றால், தன் தடத்தில் அதுவும் 25ஆம் புள்ளிதான். அந்த ஷுவும் தியன்ஷுவின் ஷுவும் சீனத்தில் வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு தொனிகள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். மலச்சிக்கலுக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டையும் சேர்த்தே எடுப்பார்கள் என்பதால் குழப்பம் ஒரே வரிக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

> எல்லாரும் மலச்சிக்கலுக்குத்தானே பயன்படுத்துகிறார்கள்? 'மலமிளக்கிப் புள்ளி' என்றால் யாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். இதே புள்ளியை வயிற்றுப்போக்குக்கும் எடுக்கிறார்கள். வயிற்று உப்புசம், வயிறு இரைதல், தொப்புளைச் சுற்றிய வலி, மாதவிடாய் வலி என்று பட்டியல் நீளும். 'மலமிளக்கி' என்று எழுதிவைத்தால், வயிற்றுப்போக்கோடு வந்தவருக்கு அந்தப் புள்ளியில் ஊசி போடும்போது அவர் பயந்து எழுந்து போய்விடுவார்.

இன்னொன்று, பெயரே வாக்குறுதி ஆகிவிடக் கூடாது. சீனாவில் 15 மருத்துவமனைகளில் கடுமையான நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 1,075 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. இந்தப் புள்ளியோடு வேறு இரண்டு புள்ளிகளையும் சேர்த்து, ஊசியில் மெல்லிய மின்சாரம் கொடுத்து, எட்டு வாரத்தில் 28 முறை சிகிச்சை செய்தார்கள். வாரத்துக்கு மூன்று முறையாவது தானாக, முழுமையாக மலம் கழிக்கும் நிலைக்கு வந்தவர்கள் 31.3 சதவீதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயரளவுக்கு மட்டும் ஊசி குத்தப்பட்டவர்களில் அது 12.1. வித்தியாசம் நல்ல வித்தியாசம்தான். ஆனாலும் மூன்றில் இரண்டு பேருக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. அவர்களிடம் போய் 'மலமிளக்கிப் புள்ளி' என்று எந்த முகத்தோடு சொல்வது?

> தியன்ஷு ஒரு விண்மீன் பெயர் என்று படித்தேன். 'துருவப்புள்ளி' எனலாமா?

விண்மீன் பெயர் என்பது சரி. எழுமீன் கூட்டத்தில் (சப்தரிஷி மண்டலம்) முதல் மீன் அது, அகப்பையின் விளிம்பில் இருப்பது. துருவமீனைக் கண்டுபிடிக்க வழிகாட்டும் இரண்டில் ஒன்று. ஆனால் வழிகாட்டுவது வேறு, துருவமீன் வேறு. இதை வைத்தால் வானியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

> 'வானச்சு'. சுருக்கம், அழகு.

நான்கில் இதுதான் கிட்டே வருகிறது. 'தியன்' வானம், சந்தேகமில்லை. 'ஷு'தான் இடிக்கிறது. அந்த எழுத்தின் மூலப்பொருள் வண்டியின் அச்சு இல்லை. கதவு ஆடுவதற்காக அதன் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளை. தமிழில் இதற்குத் தேடி அலைய வேண்டியதே இல்லை, குடுமி. குழியில் குடுமி உட்கார்ந்து, கதவு திரும்புகிறது. அச்சில் சக்கரம் ஒரு திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். குடுமியில் கதவு திறக்கும், மூடும். அடைத்ததைத் திறக்கவும் அளவுக்கு மீறித் திறந்ததை மூடவும் ஒரே புள்ளி என்ற மரபு முழுவதும் அந்த ஓர் எழுத்துக்குள் இருக்கிறது. பழைய மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங்கும் தியன்ஷுவுக்கு மேலே வானத்தின் ஆட்சி, கீழே மண்ணின் ஆட்சி, இரண்டும் கலக்கும் இடம் மனிதருக்கு என்கிறது. உடம்பை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்துத் திருப்பும் இடம் என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: வான்குடுமி.

சிரிப்பீர்கள், தெரியும். குடுமி என்றதும் தலைமயிர்தான் நினைவுக்கு வரும். 'வான்கீல்' என்று மாற்றிப் பார்த்தேன். கீல்வாதம் பக்கத்தில் வந்து நிற்கிறது, மூட்டுவலிக்கான புள்ளி என்று நினைத்துவிடுவார்கள். 'வான்முளை' விதை முளைப்பது போல இருக்கிறது. குடுமியின் சிரிப்பு பத்து முறை எழுதினால் தேய்ந்துவிடும், பொருள் தங்கிவிடும்.

பெயரை விட எனக்குக் கவலை அளவுதான். புள்ளியின் இடத்தை அளக்கும் சீன அளவான 'சூன்' என்பதை இழையில் இருவர் 'அங்குலம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒருகாலத்தில் ஒரு பயிற்சிக் குறிப்பை மொழிபெயர்த்தபோது 'தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம்' என்று எழுதிக்கொடுத்தவன்தான். படித்தவர் அளவுகோலை எடுத்து வைத்து, மெலிந்த ஒரு பெண்ணின் வயிற்றில் புள்ளி போட்டார். அது விலாப்பக்கம் தள்ளிப் போய் நின்றது. தவறு அவருடையது இல்லை, என் சொல்லுடையது. சூன் அவரவர் உடம்பின் அளவு. நோயாளியின் கட்டைவிரல் மூட்டின் அகலம் ஒரு சூன். அவருடைய ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒட்டிவைத்தால் இரண்டு சூன். அதைத் தொப்புளின் ஓரத்திலிருந்து வைக்காமல் நடுவிலிருந்து வைக்க வேண்டும். சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு: மார்புக்காம்பிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்தால், அதற்கும் தொப்புளுக்கும் சரிபாதியில் புள்ளி இருக்கும். 'விரற்கடை' என்று எழுதலாமே என ஆசை வரும். மூன்று விரற்கடைக்கு இரண்டு சூன் என்றால் கணக்கு உதைக்கும். சூனைச் சூனாகவே விட்டுவிடுவோம், இந்த ஓர் இடத்தில் ஒலிபெயர்ப்புக்காரர் கட்சியில் நானும் சேர்கிறேன்.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் அது ஓடுமா என்று தெரியும். 'வான்குடுமி (இரைப்பைத் தடம் 25): தொப்புளின் நடுவிலிருந்து பக்கவாட்டில் இரண்டு சூன். கர்ப்பிணிகளுக்கு இங்கே ஊசி தவிர்க்க.' எனக்கு ஓடுகிறது. தடத்தின் பெயரில் 'வயிறு' வேண்டாம், 'இரைப்பை'யே இருக்கட்டும். புள்ளி இருப்பது வயிற்றின் மேல், தடம் இரைப்பையுடையது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர்கள் பாவம்.

கடைசியாக ஒன்று. வான்குடுமிக்கு ஒரு சூன் மேலே இருக்கும் 24ஆம் புள்ளியின் சீனப் பெயரிலும் ஒரு வாயில் இருக்கிறது. 'வழுக்குத்தசை வாயில்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. குடுமியைக் கேலி செய்யப் போகிறவர்கள் முதலில் இதற்கு ஒரு பெயர் கொடுங்கள்.