அளவு ஜாக்கெட்டை விட்டு அட்டைக்கு மாறுகிறேன், கை மட்டும் சரியாக வரவில்லை

கோத்தகிரி தையல்:
வணக்கம். வீட்டிலேயே மிஷின் போட்டு 14 வருஷமாகத் தைக்கிறேன். அளவு ஜாக்கெட்டைத் துணிமேல் வைத்துச் சுற்றி சாக்பீஸ் கோடு போட்டு வெட்டித்தான் பழக்கம். போன தீபாவளி நெருக்கடியில், ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரு பட்டு ஜாக்கெட்டின் முன்பாகம் இரண்டையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தொலைத்தேன். புதுத்துணி வாங்கிக் கொடுத்தது என் கைக்காசில். மார்பளவு 32 முதல் 42 வரை அடிப்படை பேட்டர்ன், அதாவது துணிமேல் வைத்து வெட்டுவதற்கான அட்டை மாதிரி, வெட்டி ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் 36. தோள் 14, உயரம் 14, கைக்குழி சுற்று 16 இன்ச். நன்றாகப் பொருந்தும் ஒரு பழைய ஜாக்கெட்டைப் பிரித்து, இஸ்திரி போட்டு, சார்ட் அட்டையில் வரைந்தேன். காடா துணியில் தைத்து எதிர்வீட்டு அக்காவுக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா நின்றால் அழகுதான். ஆனால் அவர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். "நான் நாளெல்லாம் இப்படித்தானே நிப்பேன்" என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டியதும் ஜாக்கெட் மொத்தமும் மேலே ஏறிவிட்டது. முதுகுப்பக்கக் கைக்குழித் தையல் பிரிந்துவிடுகிற மாதிரி இழுக்கிறது. இறுக்கம் போல என்று கைக்குழியை முக்கால் இன்ச் இறக்கினேன். முன்னைவிட மோசம்! எங்கே தப்பு?

இன்னொரு தொல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் அட்டை நெளிந்து, முன்பாகமும் பின்பாகமும் பக்கத்தையலில் ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், மாறி வருகிறது.

குன்னூர் டெய்லர்:
அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தையுங்கள் அம்மா, கை தாராளமாகத் தூக்கும். அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். அட்டையெல்லாம் எதற்கு, கை பழகினால் போதும்.

கூடலூர், முன்னாள் பேட்டர்ன் மாஸ்டர்:
திருப்பூரில் பல வருஷம் பேட்டர்ன் டேபிளில் நின்றவன் நான். அண்ணன் சொல்கிற துண்டு நல்ல வைத்தியம்தான். ஆனால் அட்டையே சரியாக இருந்தால் துண்டுக்கு வேலை இல்லை.

கைக்குழியை இறக்கினால் தளரும் என்று எல்லோரும் நினைக்கிறோம், நானும் நினைத்திருக்கிறேன். நடப்பது நேர்மாறு. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துப் பாருங்கள். அக்குள் தையல் எவ்வளவு கீழே இருக்கிறதோ, கை அவ்வளவு உடம்புத் துணியையும் சேர்த்துத் தூக்கும். குழி அக்குளை ஒட்டி மேலே இருந்தால் கை மட்டும் தனியாகப் போகும். அதனால் அந்த முக்கால் இன்ச்சைத் திரும்ப ஏற்றுங்கள்.

அடுத்தது கைக்குழியோடு சேரும் கையின் மேல்வளைவு. அக்குள் மட்டத்திலிருந்து உங்களுடையது எத்தனை உயரம்? 4 இன்ச் இருந்தால் மூன்றேகாலுக்குக் குறைத்து, அக்குள் மட்டத்தில் பக்கத்துக்கு அரை இன்ச் அகலம் கூட்டுங்கள். வளைவின் நீளம் ஏறக்குறைய அதேதான் வரும், டேப்பை நிறுத்தி வைத்து அளந்து பாருங்கள். கையைத் தொங்கவிட்டால் அக்குளில் இரண்டு மடிப்பு விழும், பறிக்கிற வேலைக்கு அது பரவாயில்லை. கல்யாணப் பட்டுக்கு அசிங்கம். ஆகவே உடம்புக்கு ஒரே அட்டை, கைக்கு இரண்டு: வேலைக் கை, விசேஷக் கை.

முதுகு அகலத்தையும் அந்த அக்கா கையை நீட்டி நிற்கும்போதே எடுங்கள். பழைய ஜாக்கெட் ஏற்கெனவே இழுபட்டு, சுருங்கி, ஒரு ஆளின் உடம்புக்குப் பழகியது. அதைப் பிரித்து வரைந்தால் அதன் கோணலும் அட்டைக்கு வரும். டேப்பால் உடம்பை அளந்து வரையுங்கள். தையலுக்கு விடும் துணியை அட்டையில் சேர்க்க வேண்டாம், துணியில் போடும்போது சேர்த்தால் போதும். வெட்டியபின் முன்தோளையும் பின்தோளையும் ஒட்டவைத்துப் பாருங்கள். கழுத்தும் கைக்குழியும் உடையாமல் ஒரே வளைவாக ஓடவேண்டும். முன்பின் மாறாமலிருக்க, கைக்குழியில் முன்பக்கம் ஒரு வெட்டுக்குறி, பின்பக்கம் இரண்டு. துணியின் நூல் எந்த வாட்டத்தில் ஓட வேண்டும் என்று காட்டும் நூலோட்டக் கோட்டை மறக்காதீர்கள். டாட்டை, அதாவது மார்புப்பக்கம் பிடிக்கிற மடிப்புத் தையலை, டாட் பாயிண்ட் என்கிற மார்பின் உச்சிக்கு அரை இன்ச்சாவது முன்னாலேயே முடியுங்கள், இல்லையென்றால் கூம்பிக்கொண்டு நிற்கும்.

காகிதம் ஈரம் குடித்தால் ஒரு பக்கமாகத்தான் அதிகம் விரியும், அதுதான் உங்கள் ஒரு நூல். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கிடைத்தால் அதில் வெட்டுங்கள். நெஞ்சுக்கு எடுப்பது 14க்கு 17 இன்ச், ஜாக்கெட்டின் பாதி தாராளமாக அடங்கும்.

கோத்தகிரி தையல்:
அண்ணா, என் வளைவு சரியாக 4 இன்ச்! நீங்கள் சொன்னபடி அளவெடுத்து, புதுசாக வரைந்து, வேலைக் கை வைத்துத் தைத்தேன். கையை நீட்டினால் இடுப்புப்பக்கம் ஒரு விரல் அளவுதான் ஏறுகிறது. முதுகு அகலத்தில் முக்கால் இன்ச் குறைவாக வைத்திருந்ததும் இப்போதுதான் தெரிந்தது. அந்த அக்கா காடா ஜாக்கெட்டைக் கழற்றித் தரவே இல்லை, அதோடேயே மறுநாள் வேலைக்குப் போய்விட்டார். அட்டை இப்போது எக்ஸ்ரேயில். முன்பாகம் முழுக்க மாமனாரின் விலா எலும்பு. அவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

38க்கு எல்லா ஓரத்திலும் அரை அரை இன்ச் ஏற்றினால் போதுமா?

கூடலூர், முன்னாள் பேட்டர்ன் மாஸ்டர்:
பக்கத்தையலில் கால்பாகத்துக்கு அரை இன்ச் சரி. தோளில் ஒரு நூல் போதும். அங்கேயும் அரை இன்ச் ஏற்றினால் கை தோளைவிட்டு இறங்கித் தொங்கும்.