கோடியக்கரை ட்ரிப்புக்கு எந்த கேமரா, எந்த மெமரி கார்டு?

கும்பகோணம் பக்கம் கேமரா வச்சிருக்கவங்க யாராச்சும் கொஞ்சம் வழி சொல்லுங்கண்ணே. அரைப்பரீட்சை லீவுக்கு அக்கா குடும்பமும் நாங்களும் சேந்து தாராசுரம், பெரிய கோயில் பாத்துட்டு அப்படியே முத்துப்பேட்டை அலையாத்திக்காடு போட்டிங், கோடியக்கரைன்னு ஒரு ரவுண்டு போறோம். பட்ஜெட் 50,000, அதுக்கு மேல போனா வீட்டுல சோறு கிடைக்காது.

போன் போதாதான்னு கேப்பீங்க, ஆனா பூநாரை எல்லாம் எங்கயோ தூரத்துல சேத்துக்குள்ள நிக்கும், போன்ல ஜூம் பண்ணா வெறும் ரோஸ் கலர் புள்ளிதான் வருது. கேனான் எஸ்எக்ஸ்70ல 65 மடங்கு ஜூம் இருக்கு, ஆனா சென்சார் சின்னது, தாராசுரம் மண்டபத்துல தூண்ல விரக்கடை அளவுக்கு செதுக்கியிருக்க சிற்பத்த அந்த அரை இருட்டுல எடுத்தா புள்ளி புள்ளியா வருமோன்னு யோசனையா இருக்கு. ஒரு இஞ்ச் சென்சார் கேமரா இருட்டுக்கு தேவலாம், ஆனா ஜூம் கம்மி, விலையும் எகிறுது. செகண்ட் ஹேண்ட்ல போலாமா?

கார்டு விஷயம். 4கே வீடியோவுக்கு வி30 போதும்னு நினைக்கிறேன், நொடிக்கு 30 எம்பி குறையாம எழுதும்ல. நொடிக்கு 100 மெகாபிட்ல, அதாவது 12.5 எம்பில எடுத்தா 64 ஜிபி கிட்டத்தட்ட 85 நிமிஷத்துல ரொம்பிடும், அதனால 128 ஒண்ணா, 64 ரெண்டா? எனக்கு ரெண்டுதான் சரின்னு படுது, ஒண்ணு போனாலும் ஒண்ணு மிஞ்சும், மச்சான் ஒண்ணே போதும்ங்கறாரு.

போட்ல உப்புத்தண்ணி தெறிச்சா லென்ஸ என்ன பண்றதுன்னும், தஞ்சாவூர்ல டூப்ளிகேட் இல்லாம கார்டு எங்க கிடைக்கும்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.