கூத்தில் அப்பாவைப் படமெடுக்க வேண்டும்: கேமராவின் எம் (மேனுவல்) மோடில் எதை முதலில் வைப்பது?

செய்யாற்றுப் பெண்:

என் அப்பா 31 வருடமாகத் தெருக்கூத்து ஆடுகிறார். அவர்கள் ஜமாவில் (கூத்துக் குழுவில்) துரியோதனன் கட்டை வேஷம், அதாவது கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டும் பெரிய வேஷம், அவருக்குத்தான். ஆனால் வீட்டில் அவருடைய கூத்துப் படம் என்று இருப்பது இரண்டே இரண்டு. ஒன்று யாரோ செல்போனில் எடுத்தது, முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். இன்னொன்றில் கிரீடம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. அவருக்கு இப்போது 54 வயது. முழங்கால் வலியோடுதான் ஆடுகிறார். அதனால் தை மாதம் பழைய கேனன் 1500டி ஒன்று வாங்கினேன். 18-55 லென்ஸும், 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன.

போன மாதம் ஒரு கூத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். பச்சை ஆட்டோவில் வைத்திருந்தேன். திரை விலகி அவர் முகம் தெரிகிற நேரம் பார்த்து ஃபிளாஷ் தானாகக் கிளம்பி அடித்துவிட்டது. நேராக அவர் கண்ணில். பாட்டு ஒரு நொடி தடுமாறியது. அவர் என்னைத் திட்டவில்லை, ஆனால் அன்று இரவு முழுவதும் எனக்கு மனசே சரியில்லை.

அப்புறம் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் கேமராவே முடிவு செய்யும் பி மோடில் எடுத்தேன். பின்னால் இருக்கும் இருட்டு சாம்பலாகவும் முகம் வெள்ளையாகவும் வந்தது, ஆட்டம் முழுவதும் மசமசப்பு. பார்த்தால் ஷட்டர் 1/15 நொடி என்று காட்டியது. எல்லாவற்றையும் நானே வைக்கும் எம் மோடுக்குப் போனால் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. சில படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருக்கிறது.

அப்பர்ச்சர் (லென்ஸ் திறக்கும் அளவு), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூன்றும் என்னவென்று படித்திருக்கிறேன். படிக்கும்போது புரிகிறது, களத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் எதைத் திருப்புவது என்று கை நின்றுவிடுகிறது. சித்திரையில் பக்கத்து ஊரில் பாரதக் கூத்துத் திருவிழா. கடைசி இரவு பதினெட்டாம் போர்க் கூத்து, விடிந்ததும் துரியோதனன் சாகும் படுகளம். அதற்குள் கற்றுக்கொள்ள முடியுமா?


பழைய ஸ்டுடியோக்காரன்:

அம்மா, முடியும். எம் மோடு கஷ்டம் என்று எல்லோரும் சொல்லிவைத்துவிட்டார்கள். கூத்துக்கு அதைவிட சுலபமான மோடு கிடையாது. ஏனென்று சொல்கிறேன்.

களத்தில் கட்டியிருக்கும் விளக்கு இரவு பத்து மணிக்கு எப்படி எரிகிறதோ, மூன்று மணிக்கும் அப்படியேதான் எரிகிறது. அப்பா முகத்தில் விழும் வெளிச்சம் மாறவே இல்லை. மாறுவது அவருக்குப் பின்னால் எவ்வளவு இருட்டு இருக்கிறது என்பதுதான். கேமரா பெரும்பாலும் காட்சி மொத்தத்தையும் சேர்த்து நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃப்ரேமில் முக்கால்வாசி ராத்திரி என்றால் அந்த ராத்திரியைச் சாம்பலாக்குவதற்காக வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகும், முகம் வெளுத்துவிடும். உனக்கு நடந்தது அதுதான். மாறாத வெளிச்சத்தை ஒருமுறை அளந்து பூட்டிவிட்டால் கேமரா ஏமாற வழியில்லை. எம் மோடு என்பது அந்தப் பூட்டுதான். இன்னொரு ஆறுதல், அந்த மோடில் நீயாகப் பொத்தானை அமுக்கித் தூக்காதவரை ஃபிளாஷ் எழும்பாது.

18-55 லென்ஸைப் பையிலேயே வைத்துவிடு. 55-இல் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது; எஃப் எண் சிறிதானால்தான் திறப்பு பெரிது. உன் 50 எம்.எம். எஃப் 1.8 அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

திருப்ப வேண்டிய வரிசை இது. முதலில் ஷட்டர், ஏனென்றால் ஆட்டம் நிற்கவில்லை என்றால் மற்றது எதுவும் உதவாது. 1/250 வை. அடுத்து அப்பர்ச்சர், எஃப் 2. முழுசாக 1.8-க்குத் திறக்காதே. பத்தடி தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் கால் மீட்டர்கூட இருக்காது, மூக்கு தெளிவாக இருக்கும், தோளில் கட்டிய புஜகீர்த்தி கரைந்துபோகும். கடைசியில் ஐ.எஸ்.ஓ., 1600-இல் தொடங்கு. இருட்டாக வந்தால் 3200, யோசிக்காதே. புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தை அப்பாவிடம் காட்டலாம், ஆடிப்போன படத்தைக் காட்ட முடியாது.

இடமும் முக்கியம். கிரீடத்திலிருந்து கால் சலங்கை வரை முழு ஆளும் வர வேண்டுமானால் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துப் பதினாறு அடி தள்ளி உட்கார வேண்டும். கூட்டம் சேர்வதற்கு முன்னாலேயே பாயைப் போட்டு அந்த இடத்தைப் பிடி.

கூத்து தொடங்குவதற்கு முன் விளக்குகளைப் போட்டுப் பார்ப்பார்கள். அப்போது ஒரு பையனைக் கூப்பிட்டு மூன்று இடத்தில் நிற்க வை. வேஷக்காரர் உட்காரும் பெஞ்சு, களத்தின் நடு, விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்து ஓரம். மூன்றிலும் முகத்தை மட்டும் பார்த்து அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொள். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். ஆகவே அப்பா கம்பத்தை நோக்கி வந்தால் ஷட்டர் டயலை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்பது உன் விரலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூன்று கிளிக் வேகமாக்கினால் வெளிச்சம் பாதி. அப்பர்ச்சருக்கு, உன் கேமராவில் ஏ.வி. பொத்தானை அழுத்தியபடி அதே டயலைத் திருப்ப வேண்டும். இரவில் அதைத் தேடிக்கொண்டிருக்காதே, எஃப் 2-ஐ அப்படியே விட்டுவிடு.

வீட்டில் பழக வேண்டும். கறுப்புக் கம்பளியை ஜன்னலில் தொங்கவிட்டு, முன்னால் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே ஒரு பல்பைப் போடு. ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம். விளக்கை அணைத்துவிட்டு, டயலைத் தொட்டுப் பார்த்தே 1/250-இலிருந்து 1/125-க்கு வரப் பழகு.

இன்னும் ஒன்று. இருட்டில் கேமராத் திரை பொய் சொல்லும். கண் இருட்டுக்குப் பழகியிருப்பதால் மங்கலான படமும் பளிச்சென்று தெரியும், காலையில் கம்ப்யூட்டரில் போட்டால் புகைமண்டலமாக இருக்கும். திரையின் பிரகாசத்தைக் குறைத்துக்கொள், ஹிஸ்டோகிராமைப் பார்; இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம் அது. கூத்துப் படத்தில் குவியல் எல்லாம் இடது பக்கம்தான் இருக்கும், அது ராத்திரி. அதைப் பார்த்துப் பயப்படாதே. வலது பக்கத்தில் ஒரு சின்ன மேடு தெரியும், அதுதான் முகம். அது ஓரச் சுவரில் முட்டாமல் இருந்தால் போதும். முக்கியமாகச் சிவப்புக் கோட்டைப் பார். அரிதாரச் சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்னால் முட்டிவிடும், அப்புறம் கன்னத்தில் மேடு பள்ளமே தெரியாது. கண்ணாடிச் சில்லு மின்னுவதை விட்டுவிடு, அது வெளுக்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1994-இல் பென்டாக்ஸ் கே1000-இல் ஒரு கூத்து எடுத்தேன். 36 படம், ஒரே ரோல். வெளிச்சம் அளக்கும் ஊசி நடுவில் நின்றால் சரி என்று நம்பி எடுத்தேன், ஃப்ரேமுக்குள் டியூப் லைட் இருந்ததைக் கவனிக்கவில்லை. ஊசி முகத்தைப் பார்க்காமல் அந்த டியூபைப் பார்த்திருக்கிறது. கழுவி பிரிண்ட் போட்டால் முகமெல்லாம் மண். அதில் திரௌபதி வேஷம் கட்டியவர் அந்த வருஷமே கார்த்திகையில் இறந்துபோனார். அவர் மகன் வந்து படம் கேட்டபோது என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. இந்த முறை அப்படி ஆகக் கூடாது.


மின்கம்பி:

அந்தப் பட்டைகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், நான் எலக்ட்ரீஷியன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூபும் மலிவான எல்.இ.டி. ஃபோக்கஸும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை. ஷட்டர் அதைவிட வேகமாகப் போனால் படத்தின் ஒரு பகுதி பிரகாசமான நேரத்திலும் இன்னொரு பகுதி மங்கிய நேரத்திலும் பதிவாகும். அதுதான் பட்டை. 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்று உள்ளே வந்துவிடும், பட்டை போய்விடும். பழைய ஹாலஜன் விளக்கில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, இழை சூடாகவே இருப்பதால் மங்க நேரமில்லை. விளக்கு கட்டும் ஆளிடம் எது போடுகிறார் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.


ஏரிக்கரை:

அண்ணன் சொல்வதில் எனக்கு ஒரு மாறுபாடு. எம் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் வைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டால் என்ன? நான் ஏரியில் பறவை எடுப்பது அப்படித்தான். சீட்டு எழுதும் வேலையே இல்லை.


பழைய ஸ்டுடியோக்காரன்:

தம்பி, பகலில் நீங்கள் சொல்வது சரி. ராத்திரியில் ஐ.எஸ்.ஓ.வை கேமராவிடம் கொடுத்தால் அதே ஏமாற்றம் வேறு கதவு வழியாக உள்ளே வரும். இருட்டைப் பார்த்து 6400-க்கு ஏறும், முகம் வெளுக்கும். ஆனால் விடியற்காலைக்கு உங்கள் வழிதான் நல்லது. ஐந்தரை மணிக்கு மேல் வெளிச்சம் சில நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், பூட்டி வைத்தது செல்லாது. அந்த ஒரு மணி நேரம் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. வைத்துக்கொள்ளட்டும்.

மின்கம்பி சொன்னது முக்கியம். எல்.இ.டி. என்றால் என் 1/250 உதவாது, 1/100-க்கு இறங்கத்தான் வேண்டும். சுழன்று ஆடுவது 1/100-இல் நிற்காது. ஆனால், அம்மா, உனக்கு இருக்கும் ஒரு வசதி எனக்கு இருந்ததில்லை. அப்பாவின் அடவு உனக்குத் தெரியும். மத்தளக்காரர் தீர்மானம் (தாளத்தை முடிக்கும் அடி) வைக்கும்போது வேஷக்காரர் கால் தட்டி ஒரு கணம் நிற்பார் இல்லையா, அந்த நிற்பு 1/100-க்குத் தாராளமாகப் போதும். கண்ணால் பார்த்து அமுக்கினால் பிந்திவிடும். மத்தளத்தைக் காதில் வாங்கி அமுக்கு.

படுகளத்துக்குக் கணக்கு வேறு, அது நல்ல வெயில். மேகம் இல்லாவிட்டால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/400. மீட்டரே பார்க்க வேண்டாம், ஃபிலிம் காலத்திலிருந்து வரும் கணக்கு. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடு, விளக்கின் மஞ்சளை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்.


செய்யாற்றுப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். நேற்றுப் படுகளம் முடிந்தது. இன்னும் தூங்கவில்லை, முதலில் இங்கே எழுதிவிடலாம் என்று வந்தேன்.

அம்மா ஏழு நாள் கம்பளிக்கு முன்னால் உட்கார்ந்தார். மூன்றாம் நாளிலிருந்து காய்கறி நறுக்கிக்கொண்டே உட்கார்ந்தார். டயல் இப்போது கைக்குத் தானாக வருகிறது.

விளக்கு கட்டுபவரிடம் கேட்டேன். இரண்டு பக்கமும் எல்.இ.டி., பெஞ்சுக்கு மேல் மட்டும் ஒரு ஹாலஜன். 1/100, எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 800 என்று நடுக்களத்துக்கு எழுதிக்கொண்டேன், பெஞ்சுக்கு 1600. பட்டை ஒன்றுகூட இல்லை.

முதல் ஒரு மணி நேரம் வந்த படங்கள் சரியில்லை. வெளிச்சம் எல்லாம் சரிதான், ஃபோக்கஸ் கிரீடத்தின் கண்ணாடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் நடுப்புள்ளியை மட்டும் வைத்து, கண்ணில் பிடித்து, பாதி அமுக்கி ஃப்ரேமை நகர்த்தினேன். திரைப் பிரவேசத்தின்போது நான் எடுக்கவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

இரண்டேகால் மணி இருக்கும். முகவீணைக் குழல் மேலே ஏறி நின்றது, மத்தளம் தீர்மானத்துக்கு வருவது தெரிந்தது. அந்தத் தாளத்தை நான் தொட்டிலிலிருந்து கேட்கிறேன். மூன்றாவது தட்டுக்கு அமுக்கினேன். அப்பா வலது காலை ஊன்றி, கதாயுதத்தைத் தோளில் சாய்த்து நிற்கிறார். கண் இரண்டும் தெளிவாக இருக்கிறது, புஜகீர்த்தியின் ஒவ்வொரு சில்லும் தனித்தனியாகத் தெரிகிறது, பாவாடை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னால் இருட்டு இருட்டாகவே இருக்கிறது.

விடியற்காலையில் ஏரிக்கரை அண்ணா சொன்னபடி ஆட்டோ ஐ.எஸ்.ஓ. போட்டேன், அந்த நீல வெளிச்சப் படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. படுகளத்தில் மண்ணில் செய்த துரியோதனன் உருவத்தின் மேல் அப்பா நிற்கும் படங்களுக்கு 1/400 கணக்குப் பொருந்தியது, ஆனால் கிரீட நிழலில் கண் கறுத்துவிட்டது. அதற்கு என்ன செய்வது?

காலையில் அந்த இரண்டேகால் மணிப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அரிதாரம் முழுசாகக் கலையாத முகத்தோடு ரொம்ப நேரம் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். இடது பக்கக் கிரீடக் கயிறு தளர்ந்திருக்கிறது, யார் கட்டியது என்று கேட்டார். அப்புறம் ஜமாவில் எல்லோரையும் கூப்பிட்டார்.


பழைய ஸ்டுடியோக்காரன்:

கண் நிழலுக்கு: பக்கத்தில் யாராவது வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் கொஞ்சம் வெளிச்சம் முகத்துக்கு ஏறும். கூட்டத்தில் முடியாவிட்டால் 1/400-ஐ 1/250 ஆக்கி எடுத்து, ரா ஃபைலில் நிழலைத் தூக்கு.

அந்தப் படத்தை 12-க்கு 18 பிரிண்ட் போடு. உன் கேமரா ஃப்ரேமுக்கு அது சரியாகப் பொருந்தும், கிரீடமும் வெட்டுப்படாது. பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் போடச் சொல். இரண்டு பிரதி எடு, ஒன்று மத்தளக்காரருக்கு.