பதில்: கலைச்சொல் தேவை – ஹிட்டன் டெர்மினல், எக்ஸ்போஸ்டு டெர்மினல்

அனைவருக்கும் வணக்கம். வைஃபை போன்ற கம்பியில்லா வலையமைப்புப் பாடத்தில் வரும் ஹிட்டன் டெர்மினல், எக்ஸ்போஸ்டு டெர்மினல் என்ற இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இழைக்கு என் பதில் இது.

> மறைமுனையம், வெளிப்படுமுனையம் என்று வைத்துக்கொண்டால் போதுமே, எதற்கு இத்தனை மடல்?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது ஐயா. மறைமுனையம் என்று பார்த்ததும் மாணவர் இதை ஏதோ பாதுகாப்பு விஷயமாக, யாரோ எதையோ ஒளித்து வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வார். மறையாக்கம், மறைச்சொல் என்று அந்த வேர் ஏற்கெனவே வேறு துறைக்குப் போய்விட்டது. நேற்று வந்த கரந்துறை கணு (கணு என்றால் நோட், வலையமைப்பில் உள்ள ஒரு கருவி) காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் அதிலும் இதே சிக்கல்தான், இங்கே யாரும் கரந்து உறையவில்லை.

ஹிட்டன் டெர்மினல் என்பதில் நடப்பதைப் பாருங்கள். மாடியில் ஒரு ஃபோன், பின்கட்டில் ஒரு லேப்டாப், நடுக்கூடத்தில் வைஃபை பெட்டி. பெட்டிக்கு இரண்டும் கேட்கும், ஆனால் ஃபோனுக்கு லேப்டாப் கேட்காது, லேப்டாப்புக்கு ஃபோன் கேட்காது. இரண்டுமே அனுப்புமுன் ஒழுங்காகக் கேட்டுப் பார்க்கின்றன, அலைவரிசை காலியாக இருக்கிறது, சரி என்று அனுப்புகின்றன, பெட்டியில் போய் மோதிக்கொள்கின்றன. கேட்டுப் பார்ப்பது அனுப்புகிற இடத்தில், மோதல் பெறுகிற இடத்தில். அதிலும் அனுப்பிக்கொண்டிருக்கும்போது சொந்தச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது என்பதால் மோதியதே தெரியாமல் கடைசிவரை அனுப்பி முடிக்கும், ஒப்புகை (கிடைத்தது என்று பெறுநர் திருப்பி அனுப்பும் செய்தி) வராததை வைத்துத்தான் போய்ச் சேரவில்லை என்று புரிந்துகொள்ளும்.

ஆகவே இது முழுக்க முழுக்கக் கேட்பது பற்றிய பிரச்சினை. இதன் பிறப்பைப் பார்த்தாலும் அப்படித்தான். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழு 1971இல் இயக்கத் தொடங்கிய அலோகாநெட் என்ற ரேடியோ கணினி வலையமைப்பில் கேட்கிற வழக்கமே கிடையாது. செய்தி இருந்தால் அனுப்பு, மோதினால் சற்று நேரம் விட்டு மறுபடி அனுப்பு. அந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் போகும், நேரத்தைத் துண்டு போட்டு துண்டின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பச் சொன்னால் 36.8. கேட்டுவிட்டு அனுப்பினால் இதைவிட மேலே போகலாம் என்று கிளைன்ராக், டோபாகி என்ற ஆய்வாளர்கள் 1975இல் காட்டினார்கள். ஒருவருக்கொருவர் கேட்காத இடங்களில் அந்த லாபம் எப்படிக் கரைந்துபோகிறது என்பதையும் அதே ஆண்டில் அவர்களே எழுதினார்கள். அன்றைக்கு ரேடியோ வழியே கணினியோடு பேசியவை நிஜமாகவே முனையங்கள் (டெர்மினல்), அதனால் அந்தப் பெயர். இன்று முனையம் என்றால் நம் ஆட்களுக்குக் கிளாம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். கணு என்றே போவோம்.

என் பரிந்துரை: கேளாக்கணு.

> கேளாக்கணு என்றால் கேட்காத கணுவா, கேட்கப்படாத கணுவா? தெளிவில்லையே.

இந்தத் தெளிவின்மைதான் எனக்குப் பிடித்ததே. படிக்காத பையன் என்கிறோம், படிக்காத புத்தகம் என்றும் சொல்கிறோம். பெயரெச்சம் இரண்டையும் தாங்கும். கேளாக்கணு பிறரைக் கேளாததாகவும் இருக்கலாம், பிறர் கேளாததாகவும் இருக்கலாம். மேலே சொன்ன வீட்டில் இரண்டுமே உண்மை. அனுப்பும் திறன் ஏற்றத்தாழ்வாக இருந்து ஒன்றின் குரல் மட்டும் மற்றதற்கு எட்டுகிற நிலை வந்தாலும் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ஒரு சொல்லில் இவ்வளவு கிடைக்கும்போது ஏன் விடவேண்டும்? (வல்லினம் மிகும், க் போடாமல் எழுதாதீர்கள்.)

அடுத்தது எக்ஸ்போஸ்டு. இதற்கு வெளிப்படு, திறந்த என்று எதைப் போட்டாலும் பொருள் விளங்காது, மூலச்சொல்லே அப்படி. அடுத்தடுத்த இரண்டு ஃபிளாட்டில் கிழக்கு வீட்டுப் பெட்டி தன் கிழக்குப் பக்கத்து ஃபோனுக்கு அனுப்புகிறது, மேற்கு வீட்டுப் பெட்டி தன் மேற்குப் பக்கத்து லேப்டாப்புக்கு அனுப்ப நினைக்கிறது. இரண்டும் சேர்ந்தே அனுப்பியிருக்கலாம், பெறுகிற இடத்தில் மோதல் வராது. ஆனால் கிழக்குப் பெட்டியின் சத்தம் கேட்டதால் மேற்குப் பெட்டி சும்மா வாய்மூடி இருக்கிறது. வீணடங்கு கணு என்று சொல்லிப் பார்த்தேன், ஒட்டுகிறது. வைஃபையின் தரநிலையான 802.11இல் ஒப்புகை திரும்பி வரவேண்டியிருக்கிறதே, அந்த நேரத்தில் பக்கத்துப் பெட்டி கத்திக்கொண்டிருந்தால் ஒப்புகை போய்விடுமே, ஆக அடங்குவது முழுவதும் வீண் இல்லையே என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான். அது நெறிமுறைக்கு நெறிமுறை மாறும், சொல் பிரச்சினையின் அடிப்படை வடிவத்தைச் சொன்னால் போதும்.

சொல் பாடத்தில் ஓடுகிறதா என்று பார்க்க ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். (அனுப்ப இசைவு கேட்பது, தருவது) பகுதியை எழுதிப் பார்த்தேன். 1990இல் ஃபில் கார்ன் அமெச்சூர் ரேடியோவுக்காக மாக்கா என்ற முறையில் முன்வைத்தது, 1997இல் வந்த 802.11 வரையறைக்குள்ளும் புகுந்தது: "அனுப்ப விரும்பும் கணு 20 பைட்டில் இசைவு கேட்கிறது, பெறுநர் 14 பைட்டில் இசைவு தருகிறது, இசைவு கேட்டது கேளாக்கணுவுக்குத் தெரியாது, ஆனால் இசைவு தரும் பெறுநரின் குரல் அதற்கும் எட்டும், எனவே குறிப்பிட்ட நேரம் அடங்கியிருக்கும்." தடுமாறாமல் போகிறது, மறைமுனையத்தை வைத்து இதே பத்தியை எழுதிப் பாருங்கள். (எத்தனை பைட்டுக்கு மேற்பட்ட சட்டகத்துக்கு, அதாவது ஒருமுறை அனுப்பும் தரவுத் தொகுதிக்கு, இசைவு கேட்கவேண்டும் என்ற வரம்பு பல பெட்டிகளில் 2347 என்றே வருவதால், வழக்கமான சட்டகம் எதுவும் அதைத் தொடாது, நடைமுறையில் இசைவு கேட்பதே இல்லை. இசைவு கேட்பதும் தருவதும் சின்னச் சட்டகங்கள் என்றாலும் குறைந்த வேகத்தில் போவதால் நேரம் தின்னும், அதுதான் காரணம்.)

கேரியர் சென்ஸ் (அனுப்புமுன் அலைவரிசையைக் கேட்டுப் பார்ப்பது) விவகாரத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். ஊர்தி உணர்தல் என்றால் சாலையில் வண்டி எண்ணுகிற கருவி போலிருக்கிறது, யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன காவி அலை பொருத்தமான சொல்தான், ஆனால் இங்கே காவி என்றால் பேச்சு வேறு பக்கம் போகும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபையால் இணைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகும், 15 கிலோமீட்டர் இணைப்பு என்றால் போய்ச் சேரவே 50 மைக்ரோநொடி, 802.11பி என்ற வைஃபை வகையில் ஒரு நேரத்துண்டு 20 மைக்ரோநொடிதான். எதிர்முனை பேசத் தொடங்கியது இங்கே கேட்பதற்குள் இதுவும் பேசத் தொடங்கிவிடும். அதனால் அவர்கள் கேட்டு அனுப்புவதையே விட்டுவிட்டு, முறைவைத்துத் தண்ணீர் விடுவது போல நேரம் பிரித்துக் கொடுத்தார்கள். இப்படி, கேட்கும் ஆனால் பிந்திக் கேட்கும் கணுவைக் கேளாக்கணு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிந்துகேள் கணு என்று ஒன்று தோன்றியது, அவ்வளவாக ஒட்டவில்லை. வேறு யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.